ஐந்து புள்ளி பத்து

1

போன வாரம் அலுவலகத்தில் ஒரு பெண்ணை அழவைத்துவிட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும். வருடாந்திர உடல் பரிசோதனைக்காக ஏதோ ஒரு லேபிலிருந்து வந்திருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த அளவுநாடாவில் என்னை நிறுத்தி, உச்சந்தலையில் ஓர் அட்டையை வைத்துப் பார்த்து, உயரம் என்ற கட்டத்தில் 5.6 என்று எழுதினாள்.

அப்படி எழுதாதே என்றேன். ஐந்து அடி ஆறு அங்குலம் என்று எழுத்தில் எழுது, இல்லாவிட்டால் சென்டிமீட்டரில் எழுது, நடுவில் புள்ளி வைக்காதே என்றேன். அவள் சிரித்தாள். "ஸர், ஸப் ஐஸே ஹீ லிக்தே ஹைன்." எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். அவள் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கி நான்காகக் கிழித்து அவள் மேசைமேல் எறிந்தேன். மேசையை ஓங்கித் தட்டியதில் இரத்தம் பிடித்து வைத்திருந்த கண்ணாடிக் குழாய்கள் இரண்டு உருண்டு கீழே விழுந்து உடைந்தன. யாருடைய இரத்தமோ.

மனிதவளத் துறையிலிருந்து கூப்பிட்டார்கள். காரணம் கேட்டார்கள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள். கோபத்தைக் கட்டுப்படுத்த ஒரு வகுப்பு இருக்கிறதாம், சனிக்கிழமை காலையில், புனேயில் நாங்கள் குடியிருக்கும் பாணேரிலேயே. போகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லலாம். நீங்கள் நாளைக்கு லிஃப்டில் என் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

2

புனே வெளிநாடு இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். கோயமுத்தூரில் ரயில் ஏறினால் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து இறங்கிவிடலாம்தான். ஆனால் பால்காரனிடம் அரை லிட்டர் குறைத்துக்கொள் என்று சொல்ல வாய் வராத ஊர், என்னைப் பொறுத்தவரை, வெளிநாடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் இங்கே வந்தேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த சமயம். வருடத்தைக் கடைசி இரண்டு எண்களில் மட்டும் எழுதிப் பழகிய நிரல்களைத் தோண்டிப் பிழை பிடிப்பதுதான் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர்.

பெயர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் தண்டபாணி. அலுவலகத்தில் முதல் நாளே ஒருவன் அதை 'டண்டா பானி' ஆக்கினான். ஹிந்தியில் குளிர்ந்த தண்ணீர். பதினோரு வருடமாக இந்த ஊரில் என்னைப் பார்த்தால் ஐஸ் தண்ணி வருகிறது என்கிறார்கள். கையில் தண்டத்தை ஏந்தியவன் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள் என்று நான் யாருக்கும் விளக்கவில்லை. வீட்டில் இருந்த இருவருக்கும் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்த இருவர் என் மனைவி கலாமணியும் மகன் நவீனும். முதல் மூன்று வருடம் இங்கே தாபோடி என்ற பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அங்கே காலையில் ராணுவப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சீருடையில் வரிசையாக ஓடுவார்கள். நவீனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பால்கனியில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பான். அங்கேதான் அவனுக்கு ராணுவ அதிகாரி ஆகும் ஆசை பிடித்தது. வந்த ஒரு வருடத்திலேயே பேச்சில் ஹிந்திக்கு மாறிவிட்டான், எங்கள் ஊருக்கு வந்தால் இரண்டாம் நாளே எப்போது திரும்புவோம் என்பான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவன் அசையவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது எழுத்துத் தேர்வு, பிறகு ஐந்து நாள் நேர்முகம், கடைசியில் மருத்துவப் பரிசோதனை. மூன்றும் தாண்டினால் பயிற்சிக் கழகம். என்னிடம் அவன் கேட்டதெல்லாம் அந்த விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துதான்.

3

என் அப்பா மில் தொழிலாளி. பீளமேட்டில் வேலை. கோயமுத்தூர் ஜங்ஷனுக்குப் போகும்போதெல்லாம் காசு போட்டால் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நிற்பார். விளக்குகள் சுழன்று, சக்கரம் ஓடி, டக்கென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். தொண்ணூற்றெட்டு கிலோ என்று அச்சடித்த அட்டையைத் திருப்பி, "நீ எல்லோராலும் விரும்பப்படுவாய்" என்பதைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தொண்ணூற்றெட்டு கிலோ என்றால் ஆள் தெம்பாக இருக்கிறார் என்று அர்த்தம். நாற்பத்தொன்பது வயதில் ஷிப்டு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை. சட்டைப்பையில் அந்த அட்டைகள் இரண்டு இருந்தன. அந்தப் பயம் என் உடம்பில் அப்போதே ஏறிவிட்டது. எனக்குப் பயம் எப்போதும் பயமாக வெளியே வந்ததில்லை, அடியாகத்தான் வரும்.

இரண்டாயிரத்து இரண்டில் பாணேரில் சொந்த வீட்டுக்கு வந்திருந்தோம். அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் சுற்றி வந்தது. பி.எம்.ஐ. என்ற சொல்லை அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எடையைக் கிலோவில் எடுத்துக்கொள், உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கு, முதல் எண்ணை இரண்டாவதால் வகு. பதினெட்டரைக்குக் கீழே வந்தால் எடை குறைவு. இருபத்தைந்தைத் தொட்டால் அதிகம். முப்பதைத் தாண்டினால் பருமன், இருதயத்துக்கு ஆபத்து. அப்பாவின் உயரத்தைப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்துக்கு மேல் வந்தது. யாராவது அந்த மனுஷனுக்கு ஜோசியத்துக்குப் பதில் இதை அச்சடித்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அன்று மாலையே வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று பேருக்கும் ஒரு எக்ஸெல் தாள் போட்டேன். உயரம் ஒரு கட்டம், எடை ஒரு கட்டம். அடியை மீட்டராக்கி வகுப்பதை அதுவே செய்துகொள்ளும். நல்ல எண்ணுக்குப் பச்சை, கெட்ட எண்ணுக்குச் சிவப்பு. எனக்கு 5.6, எழுபத்திரண்டு கிலோ. விடை 24.7, பச்சை. கலாமணிக்கு 5.2, ஐம்பத்தெட்டு கிலோ, அதுவும் பச்சை. நவீனுக்கு 5.10 என்று தட்டினேன். எடை எழுபத்து நான்கு. கட்டம் ரத்தச் சிவப்பாக மாறியது. 30.6.

பிழை அங்கே நடந்தது. பிழை பிடித்தே சம்பளம் வாங்குகிற என் கண் முன்னால் நடந்தது. அது என்ன என்று எனக்குத் தெரிவதற்குப் பத்து மாதம் ஆனது. அந்தப் பத்து மாதத்தில் நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்கிறேன்.

4

தாளை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். எடை இயந்திரம் ஒன்று வாங்கிக் குளியலறை வாசலில் வைத்தேன். ஐம்பத்தெட்டு கிலோவுக்கு வந்தால் அவன் எண் சரியாக இருபத்து நான்கு. அதுதான் இலக்கு என்றேன். ராணுவத்துக்குப் போகிறவன் முப்பது புள்ளி ஆறோடு போய் நின்றால் துரத்திவிடுவார்கள், உன் நல்லதுக்குத்தான் என்றேன். நவீன் முதலில் நம்பினான். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. அந்த வாரம் அவனே தட்டிலிருந்து இரண்டு சப்பாத்தியை எடுத்துத் திருப்பி வைத்தான்.

கலாமணி நம்பவில்லை.

"ஏனுங்க, எனக்கும் அம்பத்தெட்டு, அவனுக்கும் அம்பத்தெட்டுங்களா? நான் அவன்ற தாவாக்கட்டைக்குத்தானுங்க வர்றேன். எங்கியோ இடிக்குதுங்களே."

"ஃபார்முலா இடிக்காது. உனக்கென்ன தெரியும்?"

"ஃபார்முலா தெரியாதுங்க. பையன் தெரியுமுங்க. எலும்புதான் தெரியுது, கொழுப்பு எங்கீங்க?"

 நீண்ட கைகால்களும் அகன்ற தோளுமாக அவன் என் எதிரே நிற்பான். எனக்கு அவன் தெரியமாட்டான், சிவப்புக் கட்டம்தான் தெரியும்.

காலை ஐந்தரைக்கு எழுப்பிப் பாணேர் டேக்டிக்கு விரட்டுவேன். டேக்டி என்றால் குன்று, இந்த ஊர்க்காரர்கள் காலையில் ஏறி இறங்கிக் கதை பேசும் இடம். அவன் ஏறுவான், நான் பின்னாலேயே வேப்பங்குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு போவேன். வேகம் குறைந்தால் கெண்டைக்காலில் ஒன்று விழும். எதிரே வரும் மராட்டிப் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் பாதி வழியில் அவன் சரிந்து உட்கார்ந்தான். உதடு வெள்ளையாகிவிட்டது. "நடிக்கறயா? எந்திரிடா" என்று உதைத்தேன். எழுந்தான். ஓடினான்.

ஏழு கிலோ இறங்கிய பிறகு எடை நின்றுவிட்டது. எங்கேயோ திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று முடிவு செய்து அவன் பையைத் துழாவினேன். கலாமணி வைத்த டப்பா கிடைத்தது. வேர்க்கடலை உருண்டை. அந்த ஸ்டீல் டப்பாவைச் சுவரில் அடித்தேன். அடித்த வேகத்தில் அது நெளிந்து திரும்பி வந்து டி.வி.யின் கண்ணாடியில் பட்டது. தடுக்க வந்த கலாமணியின் மேலும் கை விழுந்தது. நவீன் அவளை நகர்த்திவிட்டுத் தன் முதுகைக் காட்டி நின்றான். பெல்ட்டைக் கழற்றினேன். என் கை ஓயும்வரை அசையாமல் நின்றான் அவன். பிறகு திரும்பிப் பார்த்து, "ஹோ கயா?" என்றான். முடிந்ததா என்று. அந்தக் கேள்விக்காக இன்னும் இரண்டு வைத்தேன்.

"பையனக் கொன்னுபோடுவீங்களாட்ட இருக்குது" என்றாள் கலாமணி. தரையில் உட்கார்ந்து கடலை உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

5

என் மொழி அறிவும் இதில் ஒரு கை கொடுத்தது. நான்கு வருடத்தில் எனக்கு ஹிந்தி ஓரளவு வந்திருந்தது, மராத்தி வரவில்லை. ஹிந்தி தெரிந்தால் மராத்தி தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குக் கீழே பையன்கள் கூடைப்பந்து ஆடினார்கள். நான் காய்கறிப் பையோடு வந்தேன். வாசலில் எங்கள் வாட்ச்மேன், சதாராப் பக்கத்து மராட்டிக்காரர், நவீனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "ஸாஹேப், தும்சா போர்கா லை பாரி!"

போர்கா என்றால் பையன், அது தெரியும். பாரி என்றால் ஹிந்தியில் கனமானவன். அதாவது, உங்கள் பையன் ரொம்ப குண்டு. ஊரார் முன்னால், ஒரு வாட்ச்மேன், பல்லைக் காட்டிக்கொண்டு.

பையைக் கீழே போட்டேன். தக்காளிகள் உருண்டன. மைதானத்துக்குள் போய், அத்தனை பையன்கள் முன்னாலும், பந்தைப் பிடிக்கக் கையைத் தூக்கியிருந்தவனின் கன்னத்தில் அறைந்தேன். "வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்குதுடா, நீ எப்பிடி இருக்கறேன்னு!" பந்து போய் வேலியில் மோதியது. யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நவீன் கீழே விளையாடப் போகவே இல்லை. இரவுச் சாப்பாட்டையும் அவனே நிறுத்திக்கொண்டான். எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

நவம்பரில் இயந்திரம் ஐம்பத்தெட்டைக் காட்டியது. தாளில் எண்ணை மாற்றினேன். 24.0. பச்சை. அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தேன். அவனுக்குக் கொடுக்கவில்லை.

6

எழுத்துத் தேர்வில் தேறினான். நேர்முகத்தில் தேறினான். மருத்துவப் பரிசோதனைக்கு நானும் போனேன். ராணுவ ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். மதியம் ஒரு தாளோடு வந்தான். தற்காலிகமாகத் தகுதியில்லை. காரணம், எடை குறைவு. வேண்டுமானால் ஆறு வாரத்துக்குள் மறுபரிசோதனைக்கு வரலாம்.

இரண்டு முறை படித்தேன். முதலில் சிரித்தேன். பிறகு, "உள்ள என்னடா பண்ணித் தொலச்ச?" என்று அங்கேயே அறைந்தேன். காவலுக்கு நின்ற சிப்பாய் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். அவனிடமிருந்து உதறிக்கொண்டு, எடை போட்ட டாக்டரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று கத்தினேன். என் பையில் பத்து மாதத்துத் தாள்களும் இருந்தன. தேதிவாரியாக, வண்ணத்தில்.

ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு பெண் மேஜர் வந்தார். டாக்டர். தலை நரைத்திருந்தது. குரலை உயர்த்தவே இல்லை. என் தாள்களை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததை ஒரு நிமிடம் பார்த்தார்.

"மிஸ்டர் தண்டபாணி, உங்கள் மகன் உங்களைவிட உயரமா, குட்டையா?"

"உயரம்."

"எழுந்து நில்லுங்கள். நவீன், அப்பா பக்கத்தில் நில்." நின்றோம். என் உச்சந்தலை அவன் கண் மட்டத்தில் இருந்தது. "உங்கள் தாளில் நீங்கள் ஐந்து புள்ளி ஆறு. உங்கள் மகன் ஐந்து புள்ளி ஒன்று. உங்கள் மனைவியைவிடவும் குட்டை."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். 5.1. பத்து மாதமாக ஃப்ரிட்ஜில் தொங்கிய தாள். ஐந்து அடி பத்து அங்குலத்தை நம் ஊரில் எல்லோரும் எழுதுவது போல 5.10 என்று எழுதினேன். கம்ப்யூட்டருக்கு அங்குலம் தெரியாது. அதற்கு அது ஒரு தசம எண். தசமத்தில் கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று அது உதிர்த்துவிட்டது. ஐந்தே கால் அடிகூட இல்லாத ஒருவனாக்கி, எழுபத்து நான்கு கிலோவை அவன் தலையில் ஏற்றிவிட்டது. எண்களில் ஒரு பகுதி தொலைந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான்.

"உயரத்தை அதனாலேயே பெருக்கித்தான் வகுக்கிறோம்" என்றார் மேஜர். "உயரத்தில் செய்கிற பிழை இரண்டு முறை அடிக்கும். சரியான உயரம் நூற்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர். நீங்கள் தொடங்கியபோது இவனுக்கு இருபத்து மூன்றரை. ஒன்றும் குறையில்லை. இப்போது பதினெட்டு சொச்சம். பதினேழு வயதுக்காரனை இந்தப் பெரியவர்கள் கணக்கில் அளக்கவே கூடாது, வயதோடு சேர்த்துப் பார்க்க வேறு வரைபடம் இருக்கிறது. அதுவும் ஒரு தொடக்கம்தான். இந்த எண்ணுக்குக் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. ஆளைப் பார்க்க வேண்டும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாங்கள் ஆளைப் பார்த்தோம். முதுகையும் பார்த்தோம். பைக்கிலிருந்து விழுந்தேன் என்கிறான். பைக்கிலிருந்து விழுந்தால் பெல்ட் பக்கிள் பதியாது. அது உங்கள் தாளில் எந்தக் கட்டத்தில் வருகிறது?"

நவீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிப்பாய் கதவைத் திறந்துவிட்டான். அறை வாங்கிய நவீனின் கன்னம் இன்னும் சிவந்திருந்தது. 

7

கலாமணியிடம் நான்தான் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு எழுந்து போய் எடை இயந்திரத்தைத் தூக்கினாள். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து அதை வீசினாள். கீழே பார்க்கிங்கில் அது விழுந்த சத்தத்தில் ஒரு காரின் அலாரம் கத்தத் தொடங்கியது. வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார்.

"அந்தாளு என்ன சொன்னாருன்னு அடிச்சீங்க? லை பாரின்னா என்னன்னு தெரியுங்களா உங்களுக்கு? நீங்க வந்து சொன்னதக் காய்க்காரிகிட்டக் கேட்டேன். ரொம்ப ஜோரு, அட்டகாசமுன்னு அர்த்தமுங்க. உம்பட பையன் ஜோரா ஆடறான்னு சொல்லியிருக்காருங்க அந்த மனுசன். அதுக்குப் போயி அவனை அத்தன பேரு முன்னால..."  என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். நான் நின்றேன்.

என் வரிசையையும் சரியான அங்குலத்தில் போட்டுப் பார்த்தேன். ஐந்து அடி ஆறு அங்குலம் என்பது ஐந்தரை அடி. கம்ப்யூட்டர் என்னை ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்த்துவிட்டிருந்தது. உண்மையான விடை 25.6. வீட்டில் எடை கூடிய ஒரே ஆள் நான்தான்.

ஆறு வாரம் இருந்தது. இனி சாப்பிட்டால் போதும், எளிது என்று நினைத்தேன். அவனால் முடியவில்லை. அம்மா போட்டால் நான்கு வாய் போகும். நான் அறைக்குள் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுந்து போய் வாந்தி எடுப்பான். உடம்பு பழகிப்போயிருந்தது. என் செருப்புச் சத்தத்துக்கே அது கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டு வாரம் போனது. கன்னம் இன்னும் ஒட்டியது.

என் பயம் மறுபடி ஏறியது. அவன் ஆசைப்பட்ட ஒரே ஒன்று என் கையால் போகப்போகிறது என்ற பயம். அது எனக்குத் தெரிந்த வழியில்தான் வெளியே வந்தது. ஒரு மதியம் சாதத்தில் நெய்யும் பருப்பும் பிசைந்து எடுத்துக்கொண்டு அவன் அறைக்குள் போனேன். "சாப்புடு." தலையை ஆட்டினான். "சாப்புட்டுத் தொலடா!" அவன் தாடையை இடதுகையால் இறுக்கிப் பிடித்து வாயைத் திறந்து, வலதுகையால் சோற்றைத் திணித்தேன். மூக்கிலும் கண்ணிலும் அப்பியது. அவன் திமிறினான். இன்னொரு கவளம் எடுத்தேன். போன மாதம்வரை தட்டைப் பிடுங்கிய அதே கை.

அவன் அந்தக் கையைப் பிடித்தான். மணிக்கட்டில். வேகமாகக்கூட இல்லை. பிடித்துத் திருப்பினான். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் தரையில் கிடந்தேன். அவன் மேலே நின்றுகொண்டிருந்தான், முகமெல்லாம் சோறு, கண்ணில் தண்ணீர். பத்து மாதமும் இந்தக் கையைப் பிடிக்க அவனால் முடிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன்தான் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் எப்படி உடைந்தது என்று கேட்டார். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். நவீன் குறுக்கே புகுந்தான். "நஹீ. மைனே தோடா." நான்தான் உடைத்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

8

மறுநாள் மதியம் மேசையில் உட்கார்ந்தேன். வலதுகை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. இடதுகையால் கரண்டியைப் பிடித்துச் சாம்பார் சாதத்தை எடுத்தால் பாதி மடியில் விழுந்தது. கலாமணி உதவ வரவில்லை. அடுப்படியில் நின்று சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள்.

நவீன் அறையிலிருந்து வந்தான். எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். நான் எழப்போனேன். "பைட்டோ" என்றான். உட்கார் என்று. உட்கார்ந்தேன். அவன் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். கண்ணைத் தாழ்த்தவில்லை. முதல் சப்பாத்தியில் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சை இழுத்து, விழுங்கினான். அடுத்த துண்டைக் கிழித்தான். குமட்டியது. விழுங்கினான். நான் குனிந்தபோது மேசையை விரலால் தட்டினான், நிமிர்ந்து பார் என்று. நிமிர்ந்தேன். ஒவ்வொரு வாயும் எனக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது. என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

"அம்மா, இன்னும் ஒண்ணு."

கலாமணி வைத்தாள். அன்று நான்கு சாப்பிட்டான். மீதியிருந்த நான்கு வாரமும், இரண்டு வேளையும், என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான். ஒரு நாளும் வாந்தி எடுக்கவில்லை.

மறுபரிசோதனைக்குத் தனியாகப் போனான். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். கலாமணி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்கு மேல் தொலைபேசி அடித்தது. அவள் எடுத்தாள். "கண்ணு... நெசமாவா கண்ணு..." என்று அழ ஆரம்பித்தாள். தேறிவிட்டான். பிறகு என்ன நினைத்தாளோ, ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

காதில் வைத்தேன். பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. அவன் மூச்சு கேட்டது. நான் பேசட்டும் என்று காத்திருந்தான். எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது. மன்னிச்சுக்க சாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"எவ்வளவு காட்டுச்சு?"

 அவன் போனை வைத்துவிட்டான்.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. இப்போது வடக்கே எங்கேயோ மலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசுகிறான். லீவில் வந்தால் எனக்கு எதிரே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான், என் மாத்திரை தீர்ந்திருந்தால் வாங்கி வருகிறான். ஆனால் எந்த எண்ணையும் என்னிடம் சொல்வதில்லை. எவ்வளவு சம்பளம், எத்தனை நாள் லீவு, எத்தனை மணிக்கு ரயில், எல்லாம் கலாமணிக்குத்தான் தெரியும். அவனுடைய செல்போன் நம்பர் இன்றுவரை என்னிடம் இல்லை.